நடிக்கத் தெரியாதவருக்கு அலுவலகத்தில் இடமில்லையா?

வாசகி கேள்வி:

சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் நான்கே கால் ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 33. ஓமலூர் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்தவள். பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்கா நாள் முழுவதும் கைப்பேசியில் சத்தமாக வீட்டுக் கதை பேசுகிறார். பெங்களூரு தலைமை அலுவலகத்திலிருந்து போன வருடம் இங்கே வந்த ஒருவர், எதற்கெடுத்தாலும் ‘அலைன் பண்ணுவோம்’, ‘பிக் பிக்சர்’, ‘வேல்யூ ஆட்’ என்று ஆங்கிலத்தில் பந்தா காட்டுகிறார். நான் இரவு உட்கார்ந்து போட்ட எக்செல் கணக்கைத் தானே போட்டது போலக் கூட்டத்தில் காட்டுகிறார். மேலாளர் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லிக்கொண்டு, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் குழு விளையாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். வராவிட்டால் அப்ரைசலில் (வேலை மதிப்பீட்டில்) பிரதிபலிக்கும் என்று காதில் விழுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நான்கு பேர் இவர்களைப் பற்றிப் பேசித்தான் மனதை ஆற்றிக்கொள்கிறோம். அப்படியும் வீட்டுக்கு வந்த பிறகு இதே நினைப்பு. கணவரிடமும் குழந்தையிடமும் எரிந்து விழுகிறேன். வேலையை விட்டுவிடலாமா, இல்லை நானும் நடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பணியிட உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வரும் மூவர் மீதும் உங்களுக்கு ஏறத்தாழ ஒரே அளவு எரிச்சல் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் மூவரும் உங்களுக்குச் செய்வது ஒன்றல்ல. ஒருவர் உங்கள் கவனத்தைக் கெடுக்கிறார். ஒருவர் உங்கள் உழைப்பைத் தன் பெயரில் காட்டுகிறார். ஒருவர் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறார். இவை உங்கள் வேலையையும் சம்பளத்தையும் ஓய்வையும் தொடுகின்றன. இவற்றுக்கு வழி உண்டு, அந்த வழியில் இறங்கித்தான் ஆக வேண்டும். இவை போக, அவர்களுடைய குரல், உச்சரிப்பு, தோரணை, சிரிக்கும் விதம் எல்லாம் சேர்ந்து உங்களை உறுத்துகின்றன. இந்த இரண்டாவது வகையை மாற்றும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ எச்.ஆர். பிரிவுக்கோ கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து நாள் முழுவதும் மனதில் ஓட்டிக்கொண்டிருப்பதால், தீர்க்கக் கூடியவையும் தீர்க்கப்படாமல் கிடக்கின்றன என்பது என் கணிப்பு.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். பக்கத்து இருக்கை அக்காவின் பேச்சு உங்களைத் தொந்தரவு செய்கிறது என்றால், உங்களுக்குப் பொறுமை போதவில்லை என்று பொருளாகாது. இருவர் பேசுவதை முழுமையாகக் கேட்பதைவிட, கைப்பேசியில் ஒருவர் பேசும் பாதிப் பேச்சை மட்டும் கேட்பது கவனத்தை அதிகம் சிதைக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் காட்டினார்கள். எதிர்முனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று நம் மூளை தன்னையறியாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘ஐயையோ, அப்புறம் என்னாச்சு?’ என்று அவர் கேட்டதும் உங்கள் கூட்டல் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். (அந்த ஆய்வின்படி பார்த்தால், அவர் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினால் உங்களுக்குச் சற்று நிம்மதி கிடைக்கக் கூடும். தயவுசெய்து அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

முகம் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, நாற்காலியை ஓசையுடன் இழுப்பது ஆகியவற்றால் இந்தப் பேச்சு நிற்காது. அவர் கவனிக்கவே மாட்டார். கவனித்தாலும், உங்களுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொள்வார். அவர் பேசாமல் இருக்கும் ஒரு வேளையில், நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: “அக்கா, காலையில பத்தரையில இருந்து பன்னண்டு வரைக்கும் நான் பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்க்கிற நேரம்க்கா. அந்த நேரத்துல மட்டும் போன் வந்தா கொஞ்சம் வெளிய போய்ப் பேசிக்கிறீங்களா?” நாள் முழுவதும் பேசாதீர்கள் என்று யாரையும் கேட்க முடியாது, ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள். இரண்டு முறை நினைவூட்டியும் பயனில்லை என்றால், அவரைப் பற்றிப் புகாராக எழுதாமல், மாத இறுதியில் பிழையின்றிக் கணக்கு முடிக்க வேறு இருக்கை வேண்டும் என்று மேலாளரிடம் கேளுங்கள்.

பெங்களூருக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் வேகமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. அவரிடம் நீங்கள் காணும் இரண்டு குற்றங்களில், அவருடைய பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலாளர் 1950-களில் ஒரு கருத்தை முன்வைத்தார்: பிறர் பார்வையில் இருக்கும்போது மனிதர் எல்லாருமே ஏதோ ஒரு வேடத்தில் இருக்கிறார்கள், அதைக் கழற்றி வைக்க அவர்களுக்கு ஒரு பின்மேடை தேவைப்படுகிறது. ஓட்டலில் வாடிக்கையாளர் முன் பணிவாக நின்ற பரிமாறுபவர், சமையலறைக் கதவைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். இன்றைய அலுவலகக் கூடங்களில் அந்தக் கதவு இல்லை. தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையில் திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை ஹார்வர்டைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் பெருகியிருந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருப்பவர், மிகவும் வேலையாக இருப்பவராகவும் விஷயம் தெரிந்தவராகவும் தோன்றுவதற்கே தம் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறார்.

இதற்கும் மேலாக, தலைமை அலுவலகத்திலிருந்து சேலம் கிளைக்கு அனுப்பப்பட்ட ஒருவர், ‘இது உயர்வா, ஒதுக்கலா?’ என்று சுற்றியிருப்பவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வதை உணராமல் இருக்க மாட்டார். அந்தக் கூச்சத்தை மறைக்கும் போர்வையாகவும் அந்த ஆங்கிலம் இருக்கலாம். இது என் ஊகம். அவர் வெறும் பந்தாப் பேர்வழியாக இருப்பதற்கும் சம அளவு வாய்ப்பு இருக்கிறது. கார்ப்பரேட் அலுவலகங்களில் மட்டும்தான் பகட்டு உண்டு என்றும் நினைக்க வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையின் மொத்த வியாபாரக் கடைகளில் அது மோதிரத்திலும், வந்தவரைக் காக்க வைப்பதிலும் வெளிப்படும். உங்கள் அலுவலகத்தில் அது ஆங்கிலச் சொற்களில் வெளிப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி ஒன்று உண்டு. நீங்கள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் மனம் தேவையில்லாமல் எதையும் எழுதுவதில்லை. அவர் ‘பிக் பிக்சர்’ என்று சொல்லும்போது உங்களுக்கு அவர் மீது வரும் எரிச்சலோடு, ‘எனக்கு இப்படிப் பேச வரவில்லையே’ என்ற குத்தலும் சேர்ந்துகொள்கிறது என்று நினைக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் இந்த மாவட்டத்து இளைஞர்கள் பலரிடம் இதைக் காண்கிறேன். கணக்கில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். கூட்டத்தில் ஆங்கிலம் ஒலித்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு அந்தத் தலைகுனிவுக்கான கோபம் முழுவதையும் எதிரே பேசியவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். எது அவருடைய பகட்டு, எது உங்கள் கூச்சம் என்று நீங்களே ஒரு நாள் நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். பிரித்துவிட்டால் அவர் பாதியளவு சிறுத்துப் போவார்.

அந்தப் பேச்சு வேலைக்குள் நுழையும் இடத்தில் மட்டும் நீங்கள் தலையிட்டால் போதும். ‘இதை அலைன் பண்ணிட்டு வேல்யூ ஆட் பண்ணுவோம்’ என்று அவர் சொல்லி முடித்ததும், குரலில் கேலி சிறிதும் இல்லாமல், “சரிங்க சார். அப்படின்னா எந்தத் தேதிக்குள்ள, யாரு, எந்த ஃபைலை அனுப்பணுங்க சார்?” என்று கேளுங்கள். தேதி, ஆள், கோப்பு ஆகிய மூன்றும் வந்துவிட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவை வராவிட்டால், அவர் எதையும் சொல்லவில்லை என்பது கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்காக நீங்கள் முகத்தில் எதையும் காட்ட வேண்டியதில்லை.

உங்கள் உழைப்பை அவர் தன் பெயரில் காட்டுவது வேறு விஷயம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அவரைத் திருடர் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து வாழும் தம்பதியரையும் சேர்ந்து வேலை செய்பவர்களையும் ‘இதில் உங்கள் பங்கு எவ்வளவு?’ என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தம் பங்கைக் கூட்டிச் சொல்லும் போக்கு தெரிந்தது. தம் உழைப்பு ஒவ்வொருவருக்கும் நன்றாக நினைவில் இருக்கிறது. மற்றவர் விழித்திருந்த இரவு அவர் கண்ணில் படவில்லை. கணக்குக்குத் தலைப்பு வைத்து, வரைபடம் சேர்த்து, திரையில் காட்டிய அவர், அது தன்னுடையது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கவும் கூடும். நம்பிச் செய்தாலும் தெரிந்தே செய்தாலும் உங்கள் நடவடிக்கை ஒன்றுதான்; ஆனால் முதல் பேச்சைக் குற்றச்சாட்டாகத் தொடங்காமல் இருக்க இந்த எண்ணம் உதவும்.

கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ, தனியாக, இவ்வளவு சொன்னால் போதும்: “சார், நேத்து காமிச்ச கணக்கு நான் போட்டதுங்க. அடுத்த தடவை அந்தப் பகுதியை நானே பேசிடறேனுங்க சார்.” இதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டாம், சண்டைக் குரலிலும் வேண்டாம். அடுத்த முறை கணக்கு தயாரானதும் அதை அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலாளர் உட்பட அந்தக் கூட்டத்துக்கு வரும் எல்லாருக்கும் கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பி, ‘இணைப்பில் உள்ள கணக்கைத் தயாரித்துள்ளேன், கவனிக்க வேண்டிய இரண்டு வேறுபாடுகள் இவை’ என்று நான்கு வரி எழுதுங்கள். தமிழ் வழியில் படித்தவர் எழுதும் நான்கு வரி ஆங்கிலத்தில் பிழை இருந்தாலும் யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. அந்த இரண்டு வேறுபாடுகளைக் கண்டுபிடித்தவர் யார் என்பது பதிவாகிவிடும். கூட்டத்தில் அவர் அதைக் காட்டும்போது, ‘அந்த மூன்றாம் காலாண்டுத் தொகை ஏன் கூடியது என்பதை விளக்கட்டுமா?’ என்று இடையில் சேர்ந்துகொள்ளுங்கள். கணக்கைப் போட்டவருக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

‘நானும் நடிக்க வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தான் செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்வது நடிப்பு ஆகாது, தற்பெருமையும் ஆகாது. வேலையைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அடக்கம் என்று நம்மில் பலர், குறிப்பாகப் பெண்கள், சிறு வயதிலிருந்தே பழக்கப்பட்டிருக்கிறோம். மூன்று நான்கு பேர் வேலை செய்யும் கடையில் அந்த அடக்கம் எடுபடும், ஏனென்றால் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வேலையைப் பற்றி முடிவெடுப்பவர் பெங்களூருவில் ஒரு திரைக்கு முன்னால் இருக்கும்போது, சொல்லாதது அவருக்குத் தெரிய வழியில்லை. மற்றபடி, பிடிக்காதவரிடமும் காலையில் ‘குட் மார்னிங் சார்’ சொல்வது மரியாதை. அதை நடிப்பாக எண்ணி மனம் புழுங்க வேண்டாம். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே பொங்கும் உற்சாகத்தை நாள் முழுவதும் காட்டுவதுதான் ஆளைக் களைக்க வைக்கும். அதை யாரும் உங்களிடம் கேட்க முடியாது. கேட்டாலும் பாதி கொடுத்தால் போதும்.

மதியச் சாப்பாட்டுக் குழுவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று எல்லாரும் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட சோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களின் கோபம், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபத்தைவிட அதிகமாக இருந்தது. உங்கள் சாப்பாட்டு மேசையில் பை இல்லை, பேச்சு இருக்கிறது. ஆனால் நடப்பது அதுவேதான். காலையில் அவர் சொன்னதை மதியம் நான்கு பேர் நடித்துக் காட்டிச் சிரிக்கிறீர்கள். நாளைய சாப்பாட்டு நேரத்துக்குச் சரக்கு வேண்டும் என்பதால் பிற்பகல் முழுவதும் அவரைக் கூர்ந்து கவனிக்கிறீர்கள். அவர் தும்மினாலும் அது உங்களுக்கு ஒரு செய்தி ஆகிவிடுகிறது. வீடு வரைக்கும் அவரை அழைத்து வருவது இந்தப் பழக்கம்தான் என்று நான் சந்தேகிக்கிறேன். இன்னொன்று, அந்த நான்கு பேரில் ஒருவருக்கு நாளை பதவி உயர்வு வந்தால், இன்று பேசியவை எங்கே போய்ச் சேரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தோழிகளை விட்டு விலகச் சொல்லவில்லை. நட்பு அலுவலகத்தில் பெரிய பலம். பேச்சை மட்டும் மாற்றுங்கள். யாராவது தொடங்கினால், ‘சரி, இதுக்கு என்னதான் பண்ணலாம்?’ என்று ஒரு முறை கேளுங்கள். செய்வதற்கு ஏதாவது இருந்தால் அதைப் பேசுங்கள். இல்லையென்றால் மாங்காய் விலைக்கோ பிள்ளைகளின் பரீட்சைக்கோ பேச்சைத் திருப்புங்கள். ஒரு வாரம் சுவையாக இருக்காது. பிறகு பழகிவிடும்.

ஏற்காட்டு விளையாட்டைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளை வாந்தி எடுக்காமல் கடப்பதைச் சிறு வயதிலேயே சாதனையாகக் கருதிய சேலத்துக்காரர்களை, வளர்ந்த பிறகு அதே மலைக்கு ஏற்றி, ஏரிக்கரையில் கண்ணைக் கட்டி ஒருவர் மேல் ஒருவர் சாயச் சொன்னால் ஒற்றுமை எப்படி வளரும் என்பது எனக்கு விளங்குவதில்லை. ‘ஒரே குடும்பம்’ என்ற பேச்சும் அப்படியே. குடும்பத்தில் யாருக்கும் அப்ரைசல் கிடையாது. ஆனாலும் உங்கள் மேலாளருக்கு மேலே ஒருவர் இருப்பார். குழு விளையாட்டு நடத்தியதற்கான படங்களை அவர் கேட்டிருப்பார். இதை உங்கள் மேலாளர் மனதார நம்பிச் செய்கிறார் என்றோ, உங்களை ஏய்ப்பதற்காகச் செய்கிறார் என்றோ எண்ணாமல், அவருடைய வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டால் பாதி எரிச்சல் அடங்கும்.

போவதா வேண்டாமா என்பதற்கு என் பதில்: அளவோடு போய் வாருங்கள். இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, குழந்தை இருப்பதால் மதியச் சாப்பாடு வரை இருந்துவிட்டு, மூன்று மணிக்குப் பேருந்தில் மலையிலிருந்து இறங்கிவிடுவதாகத் தெரிவியுங்கள். வார விடுமுறை நாளில் அலுவலக நிகழ்ச்சி என்பதால் ஈடு விடுப்பு உண்டா என்றும் அதிலேயே பணிவாகக் கேளுங்கள். வராவிட்டால் அப்ரைசலில் பிரதிபலிக்கும் என்பது காதில் விழுந்த பேச்சு மட்டுமே. அதை மேலாளரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உடலைத் தொடும் விளையாட்டு எதிலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி ஒதுங்கி நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாராவது எல்லை மீறினால் அது எரிச்சல் என்ற கணக்கில் வராது. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், மூன்று மாதங்களுக்குள் அதில் எழுத்துமூலம் புகார் தரலாம்.

குழந்தையிடம் எரிந்து விழுவதை நீங்களே கவனித்து எழுதியிருப்பது நல்ல அறிகுறி. கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மறுநாள் முதலில் செய்ய வேண்டிய வேலையையும் அன்று முடியாமல் நின்றதையும் ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பேருந்தில் வரும்போது அலுவலக வாட்ஸ்அப் குழுக்களைத் திறக்காதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, காலையில் எழுந்திருக்கவே மனமில்லாமல் போனாலோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அல்லது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடுவது பற்றி ஒரு கணக்குப் பிரிவுக்காரரிடம் கணக்காகவே பேசுகிறேன். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு பணி தேவை என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருந்து வரும் விதி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. ஒருவருடைய உச்சரிப்புக்காக இந்தத் தொகையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குள் மேலே சொன்னவற்றைச் செய்து பாருங்கள். கணக்கு உங்கள் பெயரில் போகத் தொடங்கிய பிறகும் அப்ரைசலில் அது ஏறவில்லை என்றால், உங்களை வளர விடாத இடம் அது, தாராளமாக வெளியேறலாம். வேறு வேலையை இப்போதிருந்தே தேடுவதிலும் தவறில்லை. புதிய இடம் உறுதியாகி, நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். வருங்கால வைப்பு நிதியை இடையில் எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு ஆவதற்கு முன் எடுத்தால் வரி பிடித்தம் வரக்கூடும். நேர்காணலில் ‘ஏன் அங்கிருந்து வருகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். அப்போது இந்த மூவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். சேலத்தில் கணக்குப் பிரிவுகளில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நீங்கள் கண்டுபிடித்த அந்த இரண்டு வேறுபாடுகளைப் பற்றிப் பேசுங்கள்.